அரசாணையும் பாடத்திட்டமும்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வந்த வழி

கல்லூரித் தமிழ்த்துறையின் ஆசிரியர் அறையில் ஒரு தாள் கைமாறிச் சென்ற நாளிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்கலாம். 2022-ஆம் ஆண்டின் இறுதி. வணிகவியல், வணிக நிருவாகவியல், கணினிப் பயன்பாட்டியல் ஆகிய இளநிலைப் படிப்புகளில் இரண்டாமாண்டிலும் தமிழ்ப் பாடம் இருத்தல் வேண்டும் என்று உயர்கல்வித்துறை பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. நம் கல்லூரியில் அதுகாறும் இப்பிரிவினர்க்குத் தமிழ் முதலாண்டோடு முடிந்துவிடும். வரலாறும் இயற்பியலும் படிப்போர்க்கே இரண்டாண்டுத் தமிழ். தாளைப் படித்த மூத்த பேராசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வாரத்துக்கு எத்தனை மணி என்று போட்டிருக்கிறதா, பாருங்கள் ஐயா" என்றார். மகிழ்ச்சிக்கு முன்னரே வந்துவிட்ட கேள்வி அது.

அக்கேள்வியின் பின்னால் நூற்றைம்பது ஆண்டுப் பட்டறிவு இருக்கிறது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அரசு கொள்கையை அறிவிக்கும். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ சட்டம் இயற்றும். பல்கலைக்கழகம் அதற்கு மறுமொழி சொல்வது பெரும்பாலும் உரையாலன்று. விதிமுறையால், பாடத்திட்டத்தால், வினாத்தாளால், கால அட்டவணையால். தமிழ் வகுப்பு வாழ்ந்ததும் தேய்ந்ததும் அந்த இரண்டாவது இடத்தில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை இக்கண்கொண்டு ஒருமுறை பார்க்கலாம் என்று தோன்றியது.

1839 நவம்பரில் சென்னை மாகாணத்துக் குடிமக்கள் எழுபதினாயிரம் பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. மேற்கல்விக்கு ஒரு நிலையம் வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் விளைவாக 1841-இல் எழுந்த உயர்நிலைப் பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பல்கலைக்கழகமோ 1854-இல் சார்லஸ் வுட் விடுத்த கல்வி அறிக்கைக்குப் பின்னரே கைகூடியது. 1857 செப்டம்பர் 5 அன்று, வடபுலத்தில் சிப்பாய்ப் புரட்சி நடந்துகொண்டிருந்த அதே வேளையில், அவ்வாண்டின் 27-ஆம் சட்டத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

பிறந்தபோது அதற்கு வகுப்பறை கிடையாது, ஆசிரியரும் கிடையாது. அந்நாளைய இலண்டன் பல்கலைக்கழகத்தைப் போலத் தேர்வு நடத்திப் பட்டம் கொடுப்பது மட்டுமே அதன் பணி. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. கற்பிக்காத ஒரு நிறுவனம் கல்வியை எதனால் ஆளும்? தேர்வால் ஆளும், எந்த நூலிலிருந்து வினா எழும் என்று முன்கூட்டிச் சொல்வதால் ஆளும். இக்கருவூலம் பிற்காலத்தில் எத்தனை சட்டங்கள் வந்தபோதும் அதன் உடலை விட்டு நீங்கவில்லை என்பது நம் எண்ணம்.

அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டைக் குருமடத்தில் படித்தவர். ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தந்தார். ஆங்கில ஆட்சி தன் அலுவலுக்கு ஆள் தேட நிறுவிய தேர்வில் முதலில் தேறியவர் ஏடு தேடி அலைந்தவராக அமைந்தது, வுட் எண்ணிப் பார்த்திராத விளைவு.

பாடத்திட்டத்தின் வலிமைக்கு இன்னொரு சான்று இலக்கிய அன்பர்கள் நன்கறிந்தது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகம் பல்கலைக்கழகப் பாடமாக வைக்கப்பட்டது. பாடம் என்றால் அச்சு நூல் வேண்டுமே, எச். பவர் என்னும் பாதிரியார் அப்பகுதியை 1868-இல் பதிப்பித்தார். காப்பியத்தின் எஞ்சிய பெரும்பகுதி ஏட்டிலேயே கிடந்தது. 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் உ.வே. சாமிநாதையரைச் சிந்தாமணியின் பக்கம் திருப்பியதும், 1887-இல் முழுநூலும் வெளிவந்ததும் பலரும் எழுதிய செய்தி. அதனால் விரிக்கவில்லை. ஒன்று மட்டும் குறிக்க வேண்டும்: ஒரு காப்பியத்தின் எந்தத் துண்டு முதலில் அச்சுக்குப் போகும் என்பதை முடிவு செய்ததில் புலவர் மரபோடு தேர்வுப் பாடத்துக்கும் பங்கிருந்தது.

இந்தக் காலத்தில் சென்னை மாணவர் பி.ஏ. வரையில் வடமொழிக்கோ இலத்தீனுக்கோ மாற்றாகத் தமிழை இரண்டாம் மொழியாக எடுக்கலாம். இவ்வாய்ப்புக்கு வந்த முதற் பேரிடர் கர்சன் காலத்தது. 1902-இல் தாமஸ் ராலே தலைமையில் இந்தியப் பல்கலைக்கழக ஆணையம் அமைந்தது; 1904-இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. பேரவையின் உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைத்து, பல்கலைக்கழகங்கள் மீது அரசின் பிடியை இறுக்கிய சட்டம் அது என்று நாட்டுத் தலைவர்கள் கண்டித்தனர். சென்னையில் அதே வேளையில், பாடத்திட்டத்திலிருந்து நாட்டுமொழிகளை விலக்கிச் செம்மொழிகளை மட்டும் வைக்கும் முயற்சியும் தலைதூக்கியது. செம்மொழி என்றால் வடமொழி, இலத்தீன், கிரேக்கம் முதலியன. தமிழ் வெறும் நாட்டுமொழி.

இதனை எதிர்த்து எழுந்தவர்களுள் முன்னின்றவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், அதாவது பரிதிமாற்கலைஞர். உடன் நின்றவர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளை. சாஸ்திரியார் 1903-இல், முப்பத்துமூன்று வயதில் காலமானார். அவ்வாண்டில் வெளிவந்த 'தமிழ் மொழியின் வரலாறு' நூலில் தமிழை உயர்தனிச் செம்மொழி என அவர் நிலைநாட்ட முயன்றதை நாம் வழக்கமாக மொழிப்பற்றின் வெளிப்பாடாகவே படிக்கிறோம். பாடத்திட்டப் பின்னணியில் வைத்துப் படித்தால் அதன் அவசரம் புரியும். செம்மொழி என்னும் சொல் அன்று பெருமைப்பட்டம் அன்று. வகுப்பறைக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு. நடுவணரசு அச்சீட்டைத் தர 2004 ஆயிற்று.

தமிழ் அன்று வெளியேற்றப்படவில்லை. ஆயினும் அடுத்து வந்த விதிமுறைகளில் அதன் உருவம் மாறிற்று. எஃப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. எல்லார்க்கும் கட்டாயமாக இருந்த பங்கில் தமிழ் என்பது கட்டுரை வரைதலும் மொழிபெயர்ப்புமாகச் சுருங்கியது. இலக்கியத்தை ஆழ்ந்து படிப்பது விருப்பப் பாடத்தை எடுத்தவர்க்கே உரியதாயிற்று. சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இச்சுருக்கத்தைக் காண இயலாது. அது விதிமுறையின் கைவண்ணம்.

அதே 1904 சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்ற கும்பகோணத்து இளைஞர் ஒருவர் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார். பெயர் சீனிவாச இராமானுசன். 1913-இல் அவருக்கு ஆய்வு உதவித்தொகை தரலாமா என்ற கேள்வி சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் முன் வந்தது. பட்டமில்லாதவர்க்கு உதவித்தொகை கொடுக்க விதியில் இடமில்லை. ஆட்சிக்குழுவோ, 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவும் 1904 சட்டத்தின் 3-ஆம் பிரிவும் இதற்கு இடமளிப்பதாகக் கொண்டு, ஆளுநரின் ஒப்புதலுக்கு உட்பட்டு மாதம் எழுபத்தைந்து ரூபாய் வழங்க முடிவு செய்தது. தேர்வால் ஒருவரைத் தள்ளிய பல்கலைக்கழகம் சட்டத்தின் மற்றொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவரை உள்ளே அழைத்துக்கொண்டது. பிடியை இறுக்க வந்த சட்டத்திலிருந்தும் இப்படியொரு கதவைத் திறக்க முடிந்தது என்றால், திறக்க விரும்பியவர் சிலர் ஆட்சிக்குழுவில் இருந்தனர் என்பதே காரணம்.

1919-க்குப் பின் கல்வி மாகாண அமைச்சர் பொறுப்பாயிற்று. நீதிக்கட்சி ஆட்சியில் ஏ.பி. பாத்ரோ கல்வியமைச்சராக இருந்தபோது 1923-இல் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. தேர்வு நடத்தும் நிலையம் கற்பிக்கவும் ஆராயவும் கடமைப்பட்டது. 1927-இல் கீழைக்கலை ஆய்வு நிறுவனம் அமைந்தது. 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகமும் 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்ற, சென்னையின் எல்லை குறுகத் தொடங்கிற்று. இக்காலத்தின் பெருஞ்செல்வம் தமிழ்ப் பேரகராதி. 1913-இல் சாண்ட்லர் பாதிரியாரைக் கொண்டு தொடங்கிய பணி, 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக நின்று நடத்த, 1924 தொட்டு 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் அநுபந்தமாகவும் நிறைவெய்தியது. ஒரு இலட்சத்துப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அப்பேரகராதி மீது தனித்தமிழ் அன்பர் பலர்க்கு மனக்குறை உண்டு. ஆயினும் அதைப் புரட்டாமல் ஒரு நாள் வகுப்பெடுத்தவர் நம்முள் எவரும் இலர்.

விடுதலைக்குப் பின் கதை விரைவெடுக்கிறது. 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் ஒருவரே துணைவேந்தர்: மருத்துவர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். இத்தகைய நீண்ட ஆட்சி இன்று கற்பனைக்கும் எட்டாது. 1952-53-இல் இடைநிலைக் கல்வி பற்றி நடுவணரசு அமைத்த ஆணையத்தின் தலைவரும் அவரே. இண்டர்மீடியட் வகுப்பை ஒழித்து, அதன் ஓராண்டைப் பள்ளியிலும் மற்றோராண்டைப் பட்டப்படிப்பிலும் சேர்க்க வேண்டும் என்றது ஆணையம். பள்ளிகள் உயர்நிலையிலிருந்து மேனிலைக்கு மாறும் வரை ஓராண்டுப் புகுமுக வகுப்பு நடக்கலாம் என்றும் சொன்னது. கொள்கையை வகுத்தவரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய பல்கலைக்கழகத்தின் தலைவரும் ஒருவரேயாக இருந்தும், 1950-களின் நடுவில் தொடங்கிய அந்த 'இடைக்கால' ஏற்பாடு இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மேனிலைப் பள்ளி வந்தது 1978-இல்தான்.

பி.யூ.சி. என்னும் அவ்வகுப்பைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறோம். நாம் அதைப் படித்தவர் அல்லர்; நமக்குக் கற்பித்தவர்கள் அதில் கற்பித்தவர்கள். பதினொன்றாம் வகுப்பு வரை தமிழில் அறிவியலும் கணக்கும் படித்த சிற்றூர்ப் பிள்ளை, ஒரு கோடை விடுமுறை கழிந்ததும் நகரத்துக் கல்லூரியில், நூறு பேர் கொண்ட கூடத்தில், ஆங்கிலத்தில் விலங்கியலைக் கேட்கும். ஓராண்டுக்குள் ஆங்கிலமும் பழக வேண்டும், தேர்வும் தேற வேண்டும். பலர் தோற்றனர். நம் ஆசிரியர் ஒருவர் சொல்வார்: "அந்தப் பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் முழுதாகப் புரிந்த ஒரே மணிநேரம் தமிழ் வகுப்பு. நான் குறுந்தொகை நடத்தினேன் என்பதற்காக வரவில்லை, மூச்சுவிட வந்தார்கள்." மூச்சுவிட வந்தவர்களுள் சிலர் கவிதை எழுதத் தொடங்கினர். வானம்பாடிகளின் காலமும் கல்லூரி மலர்கள் செழித்த காலமும் இதுவே என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ளலாம்.

1978-இல் அவ்வகுப்பு பள்ளிக்குப் போயிற்று. கல்வியியல் நோக்கில் அது சரியான முடிவு என்பதில் நமக்கு ஐயமில்லை; தாலுகா ஊர்களிலேயே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படிக்க முடிந்தது. ஆனால் கல்லூரிகளில் மொழித்துறைகளின் பணிச்சுமை ஒரே வீச்சில் சரிந்தது. எல்லாப் புகுமுக மாணவரும் தமிழோ ஆங்கிலமோ படிக்க வேண்டியிருந்ததால் அடி விழுந்ததும் அத்துறைகள் மீதே. "உபரி" என்னும் சொல் ஆசிரியர்க்குப் பெயரடையாக வந்ததைக் கேட்ட தலைமுறை அது. மூத்த பேராசிரியர் "எத்தனை மணி" என்று கேட்டதன் வேர் இங்கே இருக்கிறது.

பயிற்றுமொழிக் கதை இதனோடு பின்னிக்கிடப்பது. கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் காலத்தில் 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழி பி.ஏ. வகுப்பு சோதனையாகத் தொடங்கப்பட்டது. துணைவேந்தர் முதலியாரோ உயர்கல்வியில் ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்னும் கருத்துடையவர். 1967-இல் ஆட்சி மாறியது. 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, ஐந்தாண்டுகளுக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழே பயிற்றுமொழியாகும் என்பதும் அதில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு முதலியாருக்குப் பின் நெ.து. சுந்தரவடிவேலு துணைவேந்தரானார். காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டத்தைப் பள்ளிதோறும் கொண்டு சென்ற அதே கல்வி அதிகாரி. அரசின் மொழிக்கொள்கையும் துணைவேந்தரின் சார்பும் ஒரே திசையில் நின்றன. பாடநூல் நிறுவனம் இயற்பியல் முதல் உளவியல் வரை நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்களைத் தமிழில் வெளியிட்டது. கலைச்சொல் ஆக்கத்தில் அக்காலத்தார் காட்டிய உழைப்பு வியப்புக்குரியது.

இருந்தும் அது வேர்பிடிக்கவில்லை. பல்கலைக்கழகம் இருவழியையும் திறந்து வைத்தது. தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். கேட்பதற்கு இது நடுநிலை. நடைமுறையில், வேலையும் மேற்படிப்பும் ஆங்கிலத்தில் இருக்க, தமிழ்வழி என்பது வரலாறும் பொருளியலும் எடுத்த, வேறு வழியற்ற பிள்ளைகளின் வகுப்பாக ஒதுங்கியது. எதிர்த்து அடைத்த கதவைவிட, திறந்துவைத்து எவரும் நுழையாத கதவு மொழிக்குக் கேடு செய்தது என்பது நம் மதிப்பீடு, மாறுபடுவோர் இருக்கலாம். அந்நூல்களில் பலவற்றை நம் கல்லூரி நூலகத்தின் கடைசி வரிசையில், பக்கங்கள் பிரிக்கப்படாமலேயே கண்டிருக்கிறோம்.

1970-களின் பிற்பகுதியில் இன்னும் மூன்று மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1976-இல் 42-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குச் சென்றது. மால்கம் ஆதிசேசையா துணைவேந்தராக இருந்த காலத்தை ஒட்டி, கோத்தாரிக் குழு 1966-இல் பரிந்துரைத்த தன்னாட்சிக் கல்லூரித் திட்டத்தைச் சென்னையும் மதுரையும் முன்னோடியாக ஏற்றன. 1978-இல் இலயோலாவும் கிறித்தவக் கல்லூரியும் தன்னாட்சி பெற்றன. மதுரைப் பல்கலைக்கழகம் 1966-லேயே பிரிந்திருந்தது. அதன் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும், 1971-இல் அப்பதவியேற்ற மு. வரதராசனாரும் தமிழ்ப் பேராசிரியர்கள் என்பதை இன்று நினைத்தால் வேறோர் உலகம் போல் இருக்கிறது. 1982-இல் கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன் என மேலும் இரு பிரிவுகள்.

தன்னாட்சியால் தமிழ்ப் பாடத்திட்டம் நன்மை பெற்றது என்றே சொல்ல வேண்டும். அதுவரை ஊரெல்லாம் ஒரே செய்யுள் திரட்டு. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடக்குழுக்கள் புதுமைப்பித்தனையும் கு. அழகிரிசாமியையும் பின்னர்த் தலித் எழுத்தையும் பெண் எழுத்தையும் வகுப்புக்குள் கொண்டுவர முடிந்தது. எல்லாரும் செய்தனர் என்று கூறவில்லை. துறைத்தலைவரின் சொந்தக் கவிதைத் தொகுதி பாடமான கதைகளும் உண்டு.

2008-ஐ ஒட்டி இணைப்புக் கல்லூரிகளுக்கு மதிப்பலகு முறை வந்தது. ஐந்து பகுதிகளாகப் பட்டப்படிப்பு பிரிக்கப்பட்டது. பகுதி ஒன்றில் தமிழ். பள்ளியில் தமிழே படியாதவர்க்குப் பகுதி நான்கில் அடிப்படைத் தமிழ். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை, சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களை, அவ்வகுப்பில் சந்தித்தோம். ஒரு பெண் தன் பாட்டியின் பெயரை முதன்முறையாகத் தமிழில் எழுதி, கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். இரண்டு மதிப்பலகு மட்டுமே உள்ள அவ்வகுப்பைத் தேவையற்ற சுமை என்று பேசியவர்களுள் நாமும் இருந்தோம், அன்றோடு விட்டுவிட்டோம்.

அண்மைக் காலத்தை விரைந்து கடக்கலாம்; செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. 2020-இல் நடுவணரசின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்தையும் மதிப்பலகு வங்கியையும் முன்வைத்தது. தமிழக அரசு அதை ஏற்காமல், 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி த. முருகேசன் தலைமையில் மாநிலக் கல்விக் கொள்கைக்குக் குழு அமைத்தது. 2023-இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தை எல்லாக் கல்லூரிகளும் பெரும்பகுதி பின்பற்ற வேண்டும் என்றபோது தன்னாட்சிக் கல்லூரிகள் முணுமுணுத்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னைத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி வேண்டுமா என்ற பூசலில் அடுத்தவரை அமர்த்துவது நீண்டகாலம் தடைப்பட்டது. பட்டச் சான்றிதழில் யார் கையெழுத்திடுவது என்பதே கேள்வியாயிற்று. இருபத்தேழு ஆண்டு ஒருவரே அமர்ந்த நாற்காலி அது.

வணிகவியல் இரண்டாமாண்டுத் தமிழுக்குத் திரும்புவோம். தாள் வந்த சில வாரங்களில் துறையில் கூடிப் பேசினோம். இளையவர் ஒருவர் வணிகக் கடிதமும் விளம்பர மொழியும் போதும் என்றார். அவர்களுக்கு அதுதான் பயன்படும். கட்டுரையும் மொழிபெயர்ப்பும் மட்டுமாகத் தமிழைச் சுருக்கிய அந்தப் பழைய விதிமுறை நமக்கு நினைவுக்கு வந்தது, சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் பட்டினப்பாலை வையுங்கள் ஐயா, துறைமுகம், சுங்கம், நேர்மையான வணிகர், எல்லாம் இருக்கிறது" என்றார். முந்நூற்றோரடியை வாரத்துக்கு எத்தனை மணியில் முடிப்பது என்று மூத்தவர் கணக்குப் போடத் தொடங்கினார். ஒருமணி நேர வாதத்துக்குப் பின், பாதிப் பாட்டும் இரண்டு சிறுகதைகளும் ஒரு வணிகக் கடித அலகும் என்று குறித்து, நம் பரிந்துரையாகப் பாடக்குழுவுக்கு அனுப்பினோம்.